விசேஷ வீட்டு மாத்திரை

மாதவிலக்கைத் தள்ளிப் போடுகிற மாத்திரையின் தயவில்லாமல் இப்போது நம்மவர் வீடுகளில் எந்த நல்ல காரியமும் நடப்பதில்லை. முகூர்த்தம் குறித்த கையோடு மணப்பெண்ணின் தாயார் விரல் விட்டுக் கணக்குப் பார்க்கிறாள். கணக்கு இடித்தால் உடனே மருந்துக் கடைக்கு ஆள் போகிறது. கிரகப்பிரவேசம், கோயில் கொடை, குலதெய்வப் பொங்கல், திருப்பதிப் பயணம் எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படுகிற பெண்கள் சிலருடைய பையிலும், பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் அந்த அட்டை இருக்கும். இதில் யாரும் வெட்கப்படுவதில்லை. பெற்ற தகப்பனாரே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வருகிறார். மாமியாரே, "சாப்பிட்டாயா?" என்று வேளை தவறாமல் கேட்கிறாள்.

அந்த மாத்திரையின் பெயர் நாரெதிஸ்டிரோன். வழக்கமாக 5 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு மூன்று வேளை. விலக்கு வரவேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்னதாகத் தொடங்கி, விசேஷம் முடிகிற வரையில் சாப்பிடச் சொல்வார்கள். பெண்ணின் உடம்பில் தானாகவே சுரக்கிற புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைப்போல வேலை செய்வதற்காக மனிதன் செய்து கொண்ட பொருள் அது. அந்த இனத்துக்குப் புரோஜெஸ்டோஜென் என்று பெயர். 1951-ஆம் ஆண்டு மெக்ஸிகோ நகரத்தில், ஸின்டெக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில், கார்ல் ஜெராஸி என்பவரின் குழுவில் வேலை பார்த்த லூயிஸ் மிராமோன்டெஸ் என்ற இளைஞர் அதை முதன்முதலாகச் செய்தார். அதற்கு மூலப்பொருள் தந்தது அந்த நாட்டுக் காட்டில் விளைகிற ஒரு வள்ளிக் கிழங்கு.

இதே நாரெதிஸ்டிரோனை 0.35 மில்லிகிராம் என்ற சிற்றளவில், தினம் ஒன்றாக, கர்ப்பத்தடைக்காகப் பல தேசத்துப் பெண்கள் 1970-களின் தொடக்கத்திலிருந்து சாப்பிட்டு வருகிறார்கள். ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விசேஷத்துக்கு 15 மில்லிகிராம், கர்ப்பத்தடைக்கு 0.35. விசேஷ வீட்டில் நாம் கேள்வி முறையில்லாமல் கொடுக்கிறது 42 மடங்குக்கும் மேல்.

அப்படியிருக்க, கைக்குழந்தையோடு இருக்கிற ஒரு பெண், "எனக்கு அடுத்த குழந்தை இப்போது வேண்டாம், இந்த இனத்திலே ஒரு சின்ன மாத்திரை இருக்கிறதாமே" என்று வாய் திறந்தால் என்ன நடக்கிறது? அதே தகப்பனார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதே மாமியார், "கர்ப்பப்பை வெந்து போகும்" என்கிறாள். ஊருக்கு இருக்கும் மருந்துப் பயமும் பாவப் பயமும் தர்மப் பயமும் அந்தக் கணத்தில்தான் விழித்துக்கொள்கின்றன.

பெரிய அளவு, குடும்பத்தின் சௌகரியத்துக்கு என்றால் மருந்து. சின்ன அளவு, அவளுடைய சௌகரியத்துக்கு என்றால் விஷம். இந்த நியாயத்தை எந்த வைத்திய நூலிலும் காண முடியாது. நம் வீட்டு நடுக்கூடத்தில்தான் காணலாம். நமக்குப் பயம் மாத்திரையைக் குறித்தல்ல. அதைத் தீர்மானிக்கிற ஆள் யார் என்பதைக் குறித்துத்தான் என்பது என் கட்சி.

கதை எழுதுகிறவனுக்கு உள்ள உரிமையை எடுத்துக்கொண்டு ஒரு பெண்ணைப் படைக்கிறேன். பெயர் வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், தென்காசிக்கும் புளியங்குடிக்கும் நடுவே இருக்கிற கடையநல்லூர்க்காரி. தறிச் சத்தமும் பீடி இலை வாசனையும் உள்ள தெரு. அந்த ஊர் ஆண்கள் கடல் கடந்து பிழைப்பது இன்று நேற்றல்ல. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் 1941-லேயே சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் கண்டவர்கள். இப்போது பயணம் அரபு நாடுகளுக்கு. இவள் புருஷனும் அங்கேதான். மூன்று மாதக் குழந்தை மடியில். பீடித் தட்டு பக்கத்தில். அவன் இரண்டு மாத லீவில் வருகிறான். டிக்கெட் தேதி தெரிந்துவிட்டது. போன லீவில் வந்து போனதன் பலன்தான் மடியில் இருக்கிறது. அடுத்த லீவின் பலன் இன்னொன்றாக வேண்டாம் என்பது அவள் எண்ணம். தப்பா?

உம்மாவிடம் கேட்டாள். "பால் குடிக்கிற பிள்ளை இருக்கும்போது தங்காது" என்றாள் உம்மா. பாதி உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாமலும், இரவு பகலாகத் தாய்ப்பால் ஒன்றே கொடுத்துக்கொண்டும், விலக்குத் திரும்பாமலும் இருந்தால், மூன்றும் சேர்ந்தால் மட்டும், கர்ப்பம் தங்குவது நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போகாது. ஒன்று தவறினாலும் அந்தக் காவல் போயிற்று. புட்டிப் பாலும் கூழும் ஆரம்பித்த வீட்டில் உம்மாவின் வாக்கை நம்பியிருக்க முடியாது.

மருந்துக் கடைக்குப் போனாள். கூட்டத்துக்கு நடுவே குரலைத் தாழ்த்திக் கேட்டாள். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி ஓர் அட்டையைக் கொடுத்தார். அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "பிள்ளைக்குப் பால் கொடுக்கியளா?" ஏனென்றால் சாதாரணமாக எடுத்துக் கொடுக்கிற மாலா-டி, அரசு இலவசமாகத் தருகிற மாலா-என் இரண்டிலும் புரோஜெஸ்டோஜெனோடு ஈஸ்டிரோஜென் என்ற இன்னொரு ஹார்மோனும் கலந்திருக்கிறது. தாய்ப்பால் கொடுப்பவள் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரை அந்தக் கலப்பு மாத்திரையைத் தவிர்ப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவளுக்கு ஏற்றது ஈஸ்டிரோஜென் கலவாதது; பாலைக் குறைக்காதது. அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்ல அந்தக் கடையில் வாய் இல்லை. வாங்கியதைத் தலையணைக்கு அடியில் வைத்து, ஞாபகம் வந்தபோது விழுங்கி, நாலு நாள் விட்டு, மறுபடியும் தலைப்பிரட்டல் வந்து கர்ப்பம் என்று தெரிந்தபோது ஊர் என்ன சொல்லும்? "மாத்திரை பலிக்காது" என்று சொல்லும். மாத்திரை பலிக்காமல் போகவில்லை. அவளிடம் சொல்ல வேண்டியதை யாரும் சொல்லவில்லை.

அப்படி என்ன பிரமாதமான ரகசியம் அது? பத்து நிமிஷத்தில் சொல்லக் கூடியது. நான் டாக்டர் அல்ல. டாக்டர்கள் எழுதி வைத்திருப்பதைத் தமிழில் எடுத்துச் சொல்கிறேன். மாத்திரையை எழுதிக் கொடுக்க வேண்டியவர் டாக்டர். எழுதிக் கொடுத்ததை எப்படிச் சாப்பிடுவது என்று தெரிந்திருக்க வேண்டியவள் அவள்.

இந்தியாவில் இந்த வகையில் டாக்டர் சீட்டுக்குக் கிடைப்பது டெசோஜெஸ்ட்ரெல், 75 மைக்ரோகிராம். எல்லாக் கடையிலும் இருக்கிற சரக்கல்ல. சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். அட்டையில் 28 மாத்திரை. இருபத்தெட்டும் மருந்தே. கலப்பு மாத்திரைக்காரிகள் 21 நாள் மருந்து, பிறகு ஏழு நாள் இரும்புச் சத்து மாத்திரை என்று பழகியிருப்பார்கள். இதில் அந்த ஓய்வு கிடையாது. ஓர் அட்டை முடிந்த மறுநாளே அடுத்த அட்டை. விலக்கு வந்தாலும் வராவிட்டாலும் நிறுத்தக் கூடாது. இந்த ஒரு விதியைப் பிசகினால் மற்ற விதிகளால் பயனில்லை.

விலக்கு வந்த முதல் ஐந்து நாளுக்குள் தொடங்கினால் அன்றைக்கே பாதுகாப்பு. பிரசவமாகி 21 நாளுக்குள் தொடங்கினாலும் அப்படியே. வேறு நாளில் தொடங்குகிறவள் கர்ப்பம் ஏற்கனவே இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு தொடங்கவேண்டும். முதல் இரண்டு நாள் ஆணுறையும் வேண்டும். சில கம்பெனிகளின் தாள் ஏழு நாள் என்று சொல்லும்; பெரிய கணக்கை எடுத்துக்கொள்வதில் நஷ்டமில்லை. ஆகவே புருஷன் விமானம் இறங்கிய பிறகு கடைக்கு ஓடுவதில் பிரயோசனமில்லை. அவன் வருவதற்கு முன்னாலேயே தொடங்கிவிட வேண்டும். அவன் பெட்டி கட்டிப் புறப்பட்ட அன்றைக்கே நிறுத்திவிடவும் கூடாது. விந்தணு பெண்ணுடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். இன்னும் ஒரு வாரமாவது சாப்பிட்டு விட்டுத்தான் நிறுத்துவது.

அடுத்தது கடிகாரம். நாரெதிஸ்டிரோன் போன்ற பழைய வகைகள் முக்கியமாகக் கருப்பை வாயிலுள்ள திரவத்தைக் கெட்டியாக்கி விந்தணுவைத் தடுக்கின்றன. அந்தக் கெட்டித்தனம் ஒரு நாள் பொழுதுதான் நிற்கும். அதனால் அவற்றில் மூன்று மணி நேரத் தாமதத்துக்கு மேல் மன்னிப்பில்லை. டெசோஜெஸ்ட்ரெல் பெரும்பாலும் முட்டை வெளிப்படுவதையே நிறுத்துகிறது; ஆகவே 12 மணி நேரம் வரை தாங்கும். அதற்கு மேல் தாமதமானால், ஞாபகம் வந்த உடனே ஒன்று, பிறகு வழக்கமான நேரத்தில் ஒன்று. ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பாதகமில்லை. அதன் பிறகும் முன் சொன்ன இரண்டு நாள், அல்லது தாளில் கண்ட ஏழு நாள், ஆணுறை.

நேரத்தை எதோடு கட்டிப் போடுவது? காலை என்று வைத்துக்கொண்டால் பிள்ளை அழும், அடுப்பு அழைக்கும். ரமலான் வந்தால் பகல் வேளை மாத்திரை நோன்போடு முட்டிக்கொள்ளும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின், இஷா தொழுகை முடிந்த வேளை என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு மாதமும் மாற்ற வேண்டியதில்லை. தென்காசிக் கோபுரத்துப் பக்கத்து வீட்டுக்காரிக்கு அது சீரியல் முடிகிற நேரமாக இருக்கட்டும். மணி ஒன்றாயிருந்தால் போதும்.

சாப்பிட்ட மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அது சாப்பிடாத கணக்கு. இன்னொன்று சாப்பிட வேண்டும். காய்ச்சலுக்கும் தொண்டை வலிக்கும் கொடுக்கிற சாதாரண ஆன்டிபயாடிக்கினால் இதன் சக்தி குறையாது. ஆனால் காச நோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிடாயின், கார்பமஸபின் ஆகியவை இந்த மாத்திரையின் பலத்தைத் தின்றுவிடும். காச நோய் இன்னும் ஒழியாத தேசத்தில் இதைச் சொல்லாமல் விடுவது பெரும் பிழை. அந்த மருந்துகளைச் சாப்பிடுகிறவளுக்கு வேறு வழி வேண்டும்.

மார்பகப் புற்றுநோய் உள்ளவளும் முன்பு வந்து குணமானவளும் இதைத் தொடக் கூடாது. கடுமையான ஈரல் நோய் உள்ளவளுக்கும் ஆகாது. காரணம் தெரியாத உதிரப்போக்கு இருந்தால் முதலில் காரணம் தெரிய வேண்டும். மாத்திரை சாப்பிடும்போது விலக்குத் தள்ளிப் போய் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி கண்டால், கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்கியிருக்கக் கூடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பால்வினை நோய்களை இந்த மாத்திரை தடுக்காது, அதற்கு ஆணுறைதான். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ரத்தக் கொதிப்பு உள்ளவள், கண்ணில் பொறி தட்டுகிற ஒற்றைத் தலைவலிக்காரி போன்ற, கலப்பு மாத்திரை ஆகாத பலருக்கு இது பெரும்பாலும் ஆகும்.

இனி ரத்தத்தின் கதை. மாத்திரை தொடங்கினால் மாத விலக்கின் ஒழுங்கு மாறும். பத்துப் பேரில் நாலு பேருக்கு ஒழுங்காக வரும். நாலு பேருக்கு முன்னும் பின்னுமாகச் சிறுகச் சிறுகப் படும். இரண்டு பேருக்கு வராமலே நிற்கும். ஏறக்குறைய இப்படித்தான். வராமல் நின்றவளிடம், "அழுக்கு ரத்தம் உள்ளே தேங்கித் தலைக்கேறும்" என்று சொல்லாத கிழவி கிடையாது. தேங்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை. கருப்பையின் உட்சுவர் மெலிந்திருக்கிறது. உதிர்வதற்கு இல்லாததால் உதிரவில்லை, அவ்வளவுதான். சிறுகப் படுகிறவளுடைய சங்கடம் வேறு. தொழலாமா, விளக்கேற்றலாமா என்ற கேள்வி அவளுக்கு உண்டு. அது ஏளனம் செய்ய வேண்டிய கேள்வியல்ல. மார்க்கம் தெரிந்தவரிடம் கேட்டுத் தெளியலாம். ஆனால் இப்படி நேரும் என்று முன்கூட்டியே தெரிந்தவள்தானே கேட்பாள்? தெரியாதவள் பயந்துபோய் மாத்திரையைக் குப்பையில் போடுகிறாள்.

சரியாகச் சாப்பிட்டால் நூறு பேரில் ஒருத்திக்குக்கூட ஒரு வருஷத்தில் கர்ப்பம் தங்காது. உலகத்துப் பெண்கள் மறந்தும் நினைத்தும் சாப்பிடுகிற லட்சணத்தில் ஏழு முதல் ஒன்பது பேருக்குத் தங்குகிறது. ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் நடுவே உள்ள தூரம் மருந்தின் குணத்தால் வந்ததல்ல. மறதியாலும், சொல்லிக் கொடுக்காததாலும் வந்தது. நிறுத்தினால் சில வாரங்களிலேயே கருத்தரிக்கிற சக்தி திரும்பிவிடும். "மலடாக்கும்" என்ற பேச்சுக்கு ஆதாரமே கிடையாது.

ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு விசேஷ மாத்திரையைப் பிளந்து சாப்பிடலாமே என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது இந்தக் காரியத்துக்காக அளந்து செய்யப்பட்டதல்ல. அதைச் சாப்பிடுகிற நாட்களில் கர்ப்பம் தங்காது என்று நம்புவதும் தப்பு. அந்தப் பெரிய அளவில் ஒரு சிறு பங்கு உடம்புக்குள் ஈஸ்டிரோஜெனாகவே மாறுகிறது. ரத்தம் உறைகிற வியாதி உள்ளவளுக்கு அது ஆபத்து. அதை டாக்டர் சொல்லாமல் வாங்கிக் கொடுக்கிற தகப்பனார்கள்தாம் உண்மையில் பயப்பட வேண்டியவர்கள்.

இனி, எதிர்க் கட்சிக்காரர்களைப் பார்ப்போம்.

"மார்க்கம் சம்மதிக்காது" என்பார்கள். கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்வதைப் பற்றிய விவாதம் இஸ்லாமியச் சட்ட நூல்களில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது. புணர்ச்சியில் விந்தை வெளியே விடுகிற வழக்கத்தை இமாம் கஸ்ஸாலி தம் நூலில் அனுமதித்தார். மனைவியின் நலனையும் அதற்குக் காரணமாகச் சொன்னார். இரண்டு வருஷம் தாய்ப்பால் கொடுப்பதை முழுமை என்று திருக்குர்ஆன் குறிப்பிடுகிறது. அந்த இரண்டு வருஷத்தைத் தாய்க்கும் பிள்ளைக்கும் காப்பாற்றிக் கொடுக்க, பாலைக் குறைக்காத ஒரு மாத்திரை உதவுமானால் அது மார்க்கத்துக்குப் பகையா, துணையா? நிரந்தர அறுவையை மார்க்கத்தின் பேரால் ஒதுக்குகிற குடும்பங்கள் அந்த ஊரில் உண்டு. அவர்களுக்கல்லவா நிறுத்தினால் திரும்பிவிடுகிற வழி முதலில் சொல்லப்பட வேண்டும்?

"ஒழுக்கம் கெடும்" என்பார்கள். இந்தக் கட்சியின் வெற்றியைத் தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் பார்க்கலாம். அவசர காலத்துக்கான லெவோநார்ஜெஸ்ட்ரெல் மாத்திரையும் இதே புரோஜெஸ்டோஜென் இனம்தான். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டியது. தினசரி வழக்கமாகக் கொள்ளக் கூடியதல்ல. ஆணுறை கிழிந்தவளுக்கும், பலாத்காரத்துக்கு ஆளானவளுக்கும் கடைசிக் கதவு. டாக்டர் சீட்டில்லாமல் விற்கலாம் என்று 2005-லேயே மத்திய அரசு அனுமதித்தது. ஆனால் நம் மாநிலத்தில் பல கடைகளில் கேட்டால், "அதெல்லாம் வைப்பதில்லை" என்ற பதில்தான். சட்டம் விற்கச் சொல்கிறது. ஒழுக்கம் பூட்டி வைக்கிறது. அதனால் ஒழுக்கம் வளர்ந்ததா என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. நேரம் தவறிப் போனவளுடைய அவஸ்தையையும் கணக்கெடுக்கவில்லை.

மூன்றாவது கட்சி படித்தவர்களுடையது. "நமக்கென்ன குறை? தமிழ்நாடு குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னணி மாநிலம்" என்பார்கள். உண்மை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. எப்படிச் சாதித்தோம் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. மணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். அறுவை செய்துகொண்ட ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மிகச் சிலர். இரண்டு பெற்று முடிக்கிற வரையில் அவளிடம் பேச யாருமில்லை. முடித்த பிறகு பேசுவது கத்தி. தள்ளிப் போடுகிற உரிமையை அவளுக்குக் கொடுக்காமல், முடித்துக்கொள்கிற கடமையை மட்டும் கொடுத்துவிட்டு அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்திருக்கிறோம். 1930-களிலேயே பெரியார் ஈ.வெ.ரா. இந்த விஷயத்தில் ஒரு வித்தியாசத்தை எடுத்துக் காட்டி வந்தார். மற்றவர்கள் தேசத்தின் தரித்திரத்துக்காகவும் தாயின் ஆரோக்கியத்துக்காகவும் கர்ப்பத்தடை கேட்கிறார்கள். தாம் கேட்பது பெண்ணின் சுதந்திரத்துக்காக என்றார். தேசத்தின் கணக்கு தீர்ந்துவிட்டது. அவர் போட்ட கணக்கு இன்னும் பாக்கி நிற்கிறது.

பெண்களின் சந்தேகம் முழுவதும் மூடத்தனம் என்று நான் சொல்லவில்லை. 1956-ல் போர்ட்டோ ரிக்கோ தீவில் ஏழைப் பெண்களுக்கு மிகப் பெரிய அளவில் ஹார்மோன் மாத்திரைகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். அவர்கள் சொன்ன உபாதைகளைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நம் தேசத்திலேயே 2014 நவம்பரில், சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்த முகாமைத் தொடர்ந்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். அத்தகைய முகாம்களை மூன்று வருஷத்துக்குள் நிறுத்தும்படி 2016-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட வேண்டியிருந்தது. சொல்லாமல் செய்கிறவர்களைக் கண்டால் பெண் பயப்படத்தான் செய்வாள். அந்தப் பயத்துக்கு மருந்து இன்னும் மௌனமல்ல, விவரம்.

மற்ற தேசங்கள் என்ன செய்தன? 2021-ல் பிரிட்டன் டெசோஜெஸ்ட்ரெல் மாத்திரையை டாக்டர் சீட்டில்லாமல், மருந்துக் கடைக்காரர் விசாரித்துக் கொடுக்கலாம் என்று ஆக்கியது. 2023 ஜூலையில் அமெரிக்கா நார்ஜெஸ்ட்ரெல் மாத்திரையை டாக்டர் சீட்டில்லாமல் விற்க அனுமதித்தது. அதற்கு முன்னால், அதன் உறையில் எழுதியிருப்பதைச் சாதாரணப் பெண்கள் படித்தால் புரிந்துகொள்கிறார்களா என்று பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பரீட்சை மருந்துக்கு மட்டுமல்ல, தாளுக்கும். நம் அட்டையோடு வருகிற தாளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், எட்டாய் மடித்துக் கிடக்கிறது. பீடி சுற்றுகிற கை அதைப் பிரித்து என்ன செய்யும்?

டாக்டர் சீட்டை நாளைக்கே ஒழியுங்கள் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது அதைவிடச் சின்னது. தமிழ்நாட்டில் விற்கிற ஒவ்வொரு கர்ப்பத்தடை மாத்திரையோடும் தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில், ஒரு பக்கத் தாள் வேண்டும். கடைக்காரர் அட்டையைத் தாளில் சுற்றுவதற்கு முன், பால் கொடுக்கிறாளா, வேறு மருந்து சாப்பிடுகிறாளா என்று இரண்டு கேள்வி கேட்க வேண்டும். மூன்றாவது, அரசாங்கத்துக்கு. நம் ஊர்களில் புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினாலாம் வாரம் என்று மூன்று முறை தாய்மார்கள் வரிசையில் வந்து உட்காருகிறார்கள். பிள்ளையைத் தேடி அனுப்ப வேண்டியதில்லை, தாயைத் தேடவும் வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போடுகிற அந்தரா ஊசி, வாரக் கணக்கில் சாப்பிடுகிற சாயா என்று அரசாங்கத்தின் கையிலேயே வேறு வழிகளும் இருக்கின்றன. பிள்ளைக்கு ஊசி போட்ட பிறகு அந்த நர்ஸம்மாள் தாயைத் தனியே அழைத்து, "அடுத்த குழந்தை எப்போது வேண்டுமென்று நீ நினைக்கிறாய்?" என்று கேட்கட்டும். எத்தனை வேண்டும் என்றல்ல; எப்போது என்று. பதில் எதுவானாலும் அதற்கேற்ற வழியைப் பத்து நிமிஷம் சொல்லட்டும். மாத்திரை வேண்டாம் என்று அவள் சொன்னால் அதுவும் சரியே. தெரிந்துகொண்டு வேண்டாமென்பது வேறு, தெரியாமல் பயந்து சாவது வேறு.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முகூர்த்தத்துக்கு உங்கள் மகளுக்கு நாரெதிஸ்டிரோன் வாங்கக் கடைக்குப் போகும்போது, அதே வாயால், கல்யாணமாகிப் பிள்ளை பெற்று வந்திருக்கிற மூத்த மகளுக்காக, "பால் கொடுக்கிற தாய்க்கு உள்ள கர்ப்பத்தடை மாத்திரையை எந்த டாக்டரிடம் எழுதி வாங்கலாம்?" என்றும் கேட்டுவிட்டு வாருங்கள். முதல் கேள்விக்கு வராத வெட்கம் இரண்டாவதுக்கு வந்தால், அந்த வெட்கம் எதனுடையது என்று வீட்டுக்குத் திரும்புகிற வழியில் யோசித்துக்கொள்ளலாம்.